கடையத்துக் கனவும் கைப்பேசிக் கோப்பும்

சென்ற குற்றாலப் பருவத்தில் ஒரு மாலை, முதுகலை மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இன்றும் எழுதிவரும் நாவலாசிரியர் ஒருவரின் நூல், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு ஒரே கோப்பாக இருந்தது. "அனுப்பட்டுமா ஐயா?" என்றார். வேண்டாம் என்றேன். "பாரதியை எல்லோரும் இலவசமாகத்தானே தரவிறக்குகிறோம்? அதில் இல்லாத தவறு இதில் எப்படி வந்தது?" என்றார். அதற்கான விடை தென்காசிக்கு அருகிலேயே, கடையத்தில் தொடங்குகிறது.

1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம் வந்தார். 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படிகள் வீதம் அச்சிட எண்ணி, கடனுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல அவை எங்கும் புழங்க வேண்டும் என்பது அவர் கனவு. பணம் சேரவில்லை. ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம்: அவர் இலவசமாக வழங்க எண்ணவில்லை, பெருவாரியாக விற்று, அதில் வாழ எண்ணினார்.

1921இல் பாரதி மறைந்தார். நூல்களின் உரிமை பின்னர் அவர் தம்பி விசுவநாதனிடம் சென்றது. இசைத்தட்டு, திரைப்பட உரிமை தனியே விற்கப்பட்டுக் கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்று அனுமதியின்றி இடம்பெற, ஏவி.எம். சட்ட நடவடிக்கையில் இறங்கியது. சட்டப்படி உரிமை மெய்யப்பருடையதே. ஆயினும் மக்கள் கவிஞனின் பாட்டுக்கு ஒருவர் உரிமை கொண்டாடுவதா என்ற குரல் எழுந்தது.

இனி நடந்ததுதான் முக்கியம். நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம், திருலோக சீதாராம் மூவரும் திருநெல்வேலிக்குச் சென்று, செல்லம்மாளைக் கண்டு அவர் இசைவைப் பெற்றனர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பர் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரு புதல்வியர்க்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. 1955இல் பாரதி படைப்புகள் பொதுவுடைமையாயின.

ஆக, பாரதி நமக்கு இலவசமாகக் கிடைப்பது எவரோ களவாடியதால் அன்று. சட்டம் மீறப்பட்டது உண்மை. ஆனால் மீறியவர் ஒளியவில்லை. கைம்பெண்ணின் வாசலுக்குச் சென்று கேட்டனர். அவர் கை வெறுமையாகவும் விடப்படவில்லை. மாணவரின் கோப்பில் இவ்விரண்டும் இல்லை. பிரதி எடுத்தவருக்குப் பெயரில்லை, எழுதியவருக்குக் காசில்லை.

சட்டமே அறம் என்றும் சொல்லமாட்டேன். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் அவர் நூல் பூட்டப்பட்டிருப்பது நீண்ட காலமே. 1954இல் மறைந்த நம் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி.யின் எழுத்துகள்கூட அக்கணக்கின்படி 2015இல்தான் விடுபட்டன. அச்சில் இல்லாத நூலொன்றை முழுவதுமாக நகலெடுத்து வைத்திருக்கும் குற்றவாளி நானும்தான். மறுபதிப்பே காணாத நூலைக் காப்பது ஒன்று. கடையில் கிடைக்கும் நூலை, அதுவும் வாழும் எழுத்தாளரின் நூலை, எடுத்துக்கொள்வது வேறு.

மாணவர் அக்கோப்பை அழித்தாரா என்று நான் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்க அவருக்கு வசதியில்லை என்பதை அறிவேன். மறுநாள் அந்நாவலில் 2 படிகள் வாங்கும்படி கல்லூரி நூலகத்துக்குப் பரிந்துரை எழுதினேன். கடையத்தில் கடன் கேட்டு நின்றவருக்கு நாம் செலுத்தத் தவறியதில் சிறு பங்கையேனும் அவர் வழிவந்தவர்களுக்குச் செலுத்தலாமே.