மருந்தெழுதலில் கணினி நினைவூட்டல்

மருத்துவர் மருந்து எழுதும்போதே நோயாளியின் ஒவ்வாமை, சிறுநீரகச் செயல்திறன், உட்கொண்டுவரும் பிற மருந்துகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் மென்பொருள் ஏற்பாடு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு வலிநிவாரணியான ஐபுரூஃபென் எழுதினால் இரத்தக்கசிவு அபாயத்தை உடனே திரையில் காட்டும்.

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பணியாற்றிய கிளெமென்ட் மெக்டொனால்டு 1976இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளம். கவனிக்கவேண்டிய நிலைமைகளில், நினைவூட்டல் பெற்ற மருத்துவர்கள் 51 விழுக்காட்டில் நடவடிக்கை எடுத்தனர். பெறாதபோது 22 விழுக்காட்டில்தான். பிழைக்குக் காரணம் அறியாமை அன்று, ஒரு மனித மனம் தாங்க இயலாத அளவுக்குத் தகவல் குவிவதே என்று அவர் வாதிட்டார். மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத இந்தப் பார்வைதான் அவ்வாய்வின் பெருமை. பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் கணினிவழி மருந்தாணை வந்தபின், இடையில் தடுக்கப்படாத கடும் மருந்துப் பிழைகள் 55 விழுக்காடு குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

இதன் பெருங்குறை எச்சரிக்கைச் சலிப்பு. அற்பக் காரணங்களுக்கும் திரை குறுக்கிடுவதால், 49 முதல் 96 விழுக்காடு வரை எச்சரிக்கைகள் புறக்கணிக்கப்படுவதாக 2006ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று கண்டது. உயிர்காக்க வேண்டிய எச்சரிக்கையும் அந்தக் கூட்டத்தில் தப்பிப்போகிறது. குறைவாகவும் தேர்ந்தெடுத்தும் எச்சரிக்கும் அமைப்பே நல்ல அமைப்பு.