வெயிற்காலத் தலைக்கவசமும் கண்காப்பும்

வெயிற்காலத்துக்கென்று தனியாக ஒரு தலைக்கவசம் கிடையாது. மோதலில் மண்டையைக் காக்க வேண்டிய அதே ஹெல்மெட்தான் 40 டிகிரி வெயிலிலும் தலையில் இருக்க வேண்டும். அதே வைசர்தான் எதிர்வெயிலிலும் லாரி கிளப்பும் புழுதியிலும் கண்ணைக் காக்க வேண்டும். தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் இது வெறும் வசதி பற்றிய கேள்வி அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். அணியாததற்குச் சொல்லப்படும் காரணங்களில் வெயிலும் வியர்வையும் முன்வரிசையில் நிற்கின்றன. ஆகையால் வெப்பத்தைப் பற்றிச் சரியாகச் சிந்திப்பதும் உயிர் காக்கும் வேலையே. வெயிலுக்காகக் காப்பின் பரப்பைக் குறைத்துக்கொள்வது பிழையான வழி. பரப்பு குறையாமல் வியர்வை உலர இடம் தரும் ஹெல்மெட்டைத் தேடுவதே சரி.

ஹெல்மெட்டுக்குள் உயிரைக் காக்கும் பகுதி எது என்று தெரிந்தால்தான் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்பது விளங்கும். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. கூர்மையான பொருள் ஊடுருவாமல் தடுக்கிறது. அதற்குள் இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி, தலை நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சில மில்லி நொடிகள் நீட்டுகிறது. மூளை தப்புவது அந்தச் சில மில்லி நொடிகளால்தான். உள்ளே தொடும் பஞ்சும் துணியும் பொருத்தத்துக்கும் வியர்வைக்கும் உரியவை, மோதலில் அவற்றின் பங்கு சிறிது. தாடைப்பட்டை இல்லாவிட்டால் மற்ற எல்லாமே முதல் அடியில் கழன்று பறந்துவிடும். பிரிட்டிஷ் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் 1941-இல் ராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை மருத்துவ இதழில் நிறுவினார். 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய பிரிட்டிஷ் எழுத்தாளர் டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் அவரும் ஒருவர். பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட 2008-ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வறிக்கை, ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. வெப்பத்தைக் காரணம் காட்டி இந்தப் பயனில் எவ்வளவை இழக்கலாம் என்று கேட்பவர், முதலில் வெறுந்தலை உண்மையிலேயே குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இருப்பதில்லை, அதுவும் வெயில் உச்சத்தில் இருக்கும்போது. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை, வீசும் காற்று தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். 40 டிகிரிக் காற்று அப்படிச் செய்வதில்லை, அது உடலுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வண்டி வேகமாகப் போகப் போக அந்த அனல் இன்னும் வேகமாக முகத்தில் அடிக்கிறது. அந்த நிலையில் உடலுக்கு மிஞ்சும் ஒரே குளிர்விப்பு வியர்வை ஆவியாவதுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். வெறுந்தலைக்கு இன்னொரு சுமையும் உண்டு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. கரிய முடி அதில் பெரும்பகுதியை உள்வாங்குகிறது. ஹெல்மெட்டின் தெர்மாகோலோ வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும் பொருள். தலையின் வெப்பத்தை உள்ளே தேக்குகிறது என்று குறை சொல்லப்படும் அதே அடுக்கு, வெயிலின் வெப்பம் மண்டையை எட்டாமலும் தடுக்கிறது. உடல் வெப்பத்தின் பெரும்பகுதி தலை வழியாகவே வெளியேறுகிறது என்ற பரவலான நம்பிக்கையும் சரியல்ல. தலையின் பரப்பு உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. வியர்வை உலர வேண்டிய பெரும்பரப்பு சட்டைக்குள்தான் இருக்கிறது.

அந்த வியர்வையை எப்படி உலர வைப்பது என்பதற்கு ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. வாங்குவோருக்கான அறிவுரைகள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயில் வறண்டது. வியர்வை தோன்றியவுடனே காய்ந்துவிடும். அங்கே நெடுஞ்சாலையில் வைசரை முழுதும் திறந்துவிட்டு ஓட்டினால் அனல் முகத்தைச் சுடும், கண் உலரும், உடலின் நீர் விரைவில் வற்றும். வைசரை மூடி, காற்றுத் துளைகளை அளவாகத் திறந்து, உள்ளே ஈரமான மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொள்வது அங்கு நல்ல பலன் தரும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெப்பநிலை சற்றுக் குறைவாக இருந்தாலும் புழுக்கம் அதிகம். காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாக மறுக்கிறது. அங்கே ஈரத்துணி உதவாது. தோலின் மேல் தொடர்ந்து காற்று நகர வேண்டும்; ஆகவே பெரிய துளைகளும், முகத்தோடு ஒட்டாத தாடைப் பகுதியும், கழற்றித் துவைக்கக்கூடிய உட்துணியும் முதன்மை பெறுகின்றன.

துளை இருப்பதாலேயே காற்று வந்துவிடும் என்று நம்பக் கூடாது. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் 27 ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுகளைச் சூடாக்கிய செயற்கைத் தலை ஒன்றின் மேல் வைத்துக் காற்றோட்டத்தை அளந்தார்கள். உச்சந்தலையைவிட முகப்பகுதியிலேயே வெப்பம் அதிகம் வெளியேறியது. மாடலுக்கு மாடல் வேறுபாடும் பெரிதாக இருந்தது. வெளி ஓட்டில் அழகாகத் தெரியும் துளை, தெர்மாகோலில் வெட்டிய வாய்க்காலோடு சேர்ந்து பின்புறம் வெளியேறும் வழிவரை செல்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்: உட்துணியை விலக்கி விரலால் தடவினால் போதும். வாய்க்கால் இல்லாத துளை வெறும் அலங்காரம். அதே ஆய்வகத்தின் மற்றோர் ஆய்வு, வைசர் மூடிய ஹெல்மெட்டுக்குள் வண்டி நிற்கும்போது கரியமிலவாயு 2 விழுக்காட்டைத் தாண்டியதையும், வண்டி ஓடத் தொடங்கியதும் குறைந்ததையும் காட்டியது. நகரத்தில் ஹெல்மெட் தாங்க முடியாததாகத் தோன்றுவது பெரும்பாலும் சிக்னலில் நிற்கும்போதுதான் என்பதற்கு இது பொருந்தும் விளக்கம். எனவே நகரத்தில் ஓட்டுபவருக்கு, ஒரு விரலால் ஒரு படி மட்டும் திறந்து அங்கேயே நிற்கும் வைசர் அமைப்பு, எத்தனை துளைகளையும்விட மதிப்புள்ளது.

முகம் மூடாத ஹெல்மெட்டே வெப்பத்துக்குத் தீர்வு என்று சொல்பவர்களின் வாதத்தை இனிப் பார்க்க வேண்டும், அது வலுவான வாதம். முகப்பகுதியில்தான் வெப்பம் அதிகம் வெளியேறுகிறது என்று ஆய்வே சொல்லும்போது, முகத்தைத் திறந்துவிட்டால் என்ன? ஜெர்மனியின் ஹானோவர் நகரில் விபத்துகளை ஆராய்ந்த டீட்மர் ஓட்டே, மோதல்களில் ஹெல்மெட்டின் எந்தப் பகுதிகள் அடிபடுகின்றன என்று பதிவு செய்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடிகள் தாடைப் பகுதியிலேயே விழுந்திருந்தன. முகம் திறந்த ஹெல்மெட் அணிபவர் அந்தப் பங்கைத் தம் எலும்பால் தாங்குகிறார். காதுக்கு மேலேயே நின்றுவிடும் தொப்பி வகை அதைவிட மோசம்; அது நெற்றிப்பொட்டையும் பின்மண்டையையும் திறந்தே வைக்கிறது. உடைந்த தாடை சரியாக மாதங்கள் ஆகும், சிக்னலில் வரும் புழுக்கம் பச்சை விளக்கு வரும்வரைதான். முகத்தைத் திறந்தே தீர வேண்டும் என்பவருக்குத் தாடைப் பகுதியை மேலே தூக்கும் ஹெல்மெட் ஓர் இடைவழி: நிற்கும்போது தூக்கி, கிளம்பும்போது இறக்கிப் பூட்டலாம். எடை கூடுவது அதன் குறை. தாடையைத் தூக்கிய நிலையிலேயே ஓட்டினால் அதை வாங்கியதன் பயனும் போய்விடும்.

எடையும் சூடும் குறைந்த ஹெல்மெட் வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலின் பேரில் அமைந்த, எய்ம்ஸ் மருத்துவர்களையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தினரையும் உள்ளடக்கிய குழு ஒன்று, நாட்டின் தட்பவெப்பத்துக்கேற்ற எடை குறைந்த ஹெல்மெட்டுகளை 2018 மார்ச்சில் பரிந்துரைத்தது. எடை குறைவதும் காப்பு குறைவதும் ஒன்றல்ல என்பதே இதில் கவனிக்க வேண்டியது. வியட்நாம் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அணிவோர் விகிதம் சில நாட்களிலேயே 90 விழுக்காட்டைக் கடந்தது. வெப்பநாட்டு மக்கள் ஹெல்மெட்டை ஏற்க மாட்டார்கள் என்ற வாதம் அங்கே பொய்த்தது. ஆனால் அந்த அலையோடு, மோதலைத் தாங்காத மெல்லிய தொப்பி ஹெல்மெட்டுகளும் சந்தையை நிறைத்தன. லேசாக இருப்பதை மட்டுமே தேடினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அது தெளிவான சான்று. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். சாலையோரக் கடைகளில் ஒட்டுத்தாள் மட்டும் அசல் போலத் தெரியும் ஹெல்மெட்டுகள் கிடைப்பதால், உள்ளே தெர்மாகோல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது அவசியம்; மெல்லிய ஸ்பாஞ்சு மட்டும் இருந்தால் அது ஹெல்மெட்டே அல்ல.

காது கேட்காது, பக்கவாட்டில் தெரியாது என்ற குறைகளுக்கு 1981-இலேயே பதில் வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை ஆராய்ந்த ஹர்ட் அறிக்கை, ஹெல்மெட் காரணமாக எந்த விபத்தும் நேர்ந்ததாகக் காணவில்லை. முடி கொட்டும் என்ற அச்சத்துக்கு மருந்து தூய்மைதான்: வியர்வை ஊறிய உட்துணியை வாரம் ஒரு முறை துவைத்து நிழலில் உலர்த்தினால் அரிப்பும் பொடுகும் பெருமளவு குறையும். உச்சியில் கொண்டை போட்டோ பூ வைத்தோ ஹெல்மெட் அணியும்போது அது நெற்றியை விட்டு மேலே ஏறிவிடுகிறது; பின்னலைக் கழுத்தருகே தாழ்த்திக்கொள்வதே வழி. மடித்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அணிவதும் இதே தவறு. ஒரு சுற்று மெல்லிய துணிக்கு மேல் எதுவும் பொருத்தத்தைக் கெடுக்கும். தளர்ந்த ஹெல்மெட் மோதலில் தலையை விட்டுச் சுழன்று போகும். நிறத்தில் வெள்ளையோ வெளிர் நிறமோ நல்லது. ஓடும்போது வேறுபாடு சிறிதுதான், வெயிலில் நிறுத்திய வண்டியில் தொங்கும்போது அது பெரிதாகும்.

கண்காப்பில் பெரும்பாலோர் செலவழிப்பது கருமைக்கு, தேவைப்படுவது தெளிவு. வைசர்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட்டால் ஆனவை. அந்தப் பொருள் நிறமற்றதாக இருக்கும்போதே புறஊதாக் கதிர்களை ஏறத்தாழ முழுதும் தடுத்துவிடுகிறது. ஆகவே கண்ணைப் புறஊதாவிலிருந்து காக்கக் கறுப்பு வைசர் வேண்டியதில்லை. அது கூசலை மட்டுமே குறைக்கிறது. மாலை ஆறரை மணிக்கு மேல் அதே வைசர் சாலைப் பள்ளத்தையும் விளக்கில்லாத சைக்கிளையும் மறைத்துவிடும். அதனால் நிறமற்ற வைசரும், உள்ளே இறக்கி ஏற்றும் சிறிய வெயில் வைசரும் கொண்ட ஹெல்மெட், பகலில் புறப்பட்டு இரவில் திரும்புபவருக்கு மிகப் பொருத்தம். தனியாகக் குளிர்கண்ணாடி அணிபவர் அதன் வகை எண்ணைப் பார்க்க வேண்டும்: பன்னாட்டுத் தரவரிசையில் 8 முதல் 18 விழுக்காடு ஒளியை விடும் 3-ஆம் வகை கடும் வெயிலுக்குப் போதும், அதைவிடக் கருமையான 4-ஆம் வகை வண்டி ஓட்டுவதற்கு உகந்ததல்ல. வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக் கண்ணாடி வாங்கியவர்கள் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் உண்டு. அது கறுக்கப் புறஊதாக் கதிர் வேண்டும், வைசர் அதைத் தடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த வேதிப்பொருள் வெப்பத்தில் குறைவாகவே கறுக்கும். போலரைஸ்டு கண்ணாடி ஈரச்சாலையின் கூசலைக் குறைக்கும், ஆனால் வைசரின் வழியே பார்க்கும்போது வானவில் போன்ற பட்டைகள் தோன்றலாம், சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரும் மங்கித் தெரியும். வைசர் இல்லாமல் சாதாரணக் கண்ணாடியோடு ஓட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் எதிரே வரும் வண்டோ மணலோ கண்ணாடியின் ஓரத்து இடைவெளி வழியே நேரே விழிக்கு வரும்.

வைசரைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். உலர்ந்த புழுதியைச் சட்டை நுனியால் தேய்த்தால் நுண்கீறல்கள் விழும். அவை எதிரே வரும் விளக்கின் ஒளியைச் சிதறடித்து இரவில் கண்ணைக் கூசவைக்கும். தண்ணீரில் நனைத்து ஊறவிட்டு மென்துணியால் ஒற்ற வேண்டும். பெட்ரோலோ தின்னரோ தொடவே கூடாது, அவை வைசரையும் தெர்மாகோலையும் சிதைக்கும். ஐரோப்பிய, அமெரிக்கத் தர விதிகள் ஹெல்மெட்டை 50 டிகிரியில் வைத்திருந்து சோதிக்கின்றன. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் அதையும் தாண்டும். அங்கே நாட்கணக்கில் கிடந்தால் ஓட்டையும் தெர்மாகோலையும் இணைக்கும் பசை தளர்ந்துவிடக்கூடும். வண்டியின் கண்ணாடியில் வெயிலில் மாட்டிவைப்பதைவிட, தாடைப்பட்டையைப் பிடித்துக் கையோடு நிழலுக்கு எடுத்துச் செல்வதே நல்லது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் தெர்மாகோல் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. நசுங்கிய பகுதி திரும்ப எழும்பாது என்பதால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.