தேசிய கீதம் தந்த திரையிசைக் கலைஞர்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் காலையில் ஒலிக்கும் ‘மஜுலா சிங்கப்பூரா’ பாடலை அறியாதவர் அங்கு இல்லை. ஆனால், அதற்கு இசையமைத்த ஜுபிர் சைட் மலாய்த் திரையுலகில் பல ஆண்டுகள் உழைத்த இசையமைப்பாளர் என்பதை இளைய தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவர்?

1907ஆம் ஆண்டு சுமத்ராவின் புக்கிட்டிங்கியில் பிறந்தவர் ஜுபிர் சைட். இசை சமயத்துக்கு ஒவ்வாதது என்று கருதிய தந்தை மகனின் ஆசைக்குத் தடை போட்டார். எண்களைக் கொண்டு இசை எழுதும் முறையைப் பள்ளித் தோழர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட அவர், 1928இல் சரக்குக் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். மின்விளக்குகள் ஒளிரும் நகரம் என்று கப்பல் மாலுமியான நண்பர் சொல்லியிருந்ததே அவரை ஈர்த்தது.

இங்கே பங்சாவான் நாடகக் குழுவில் சேர்ந்தார். பியானோவையும் மேற்கத்திய இசைக் குறியீட்டையும் அங்குதான் பயின்றார். அதாவது, நாடகக் கொட்டகையே அவருக்கு இசைக் கல்லூரி. பிறகு இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். சில ஆண்டுகள் ஜாவாவிலும் சுமத்ராவிலும் வாழ்ந்த பின், 1947இல் சிங்கப்பூர் திரும்பினார். 1949இல் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடத்தில் இசைக்குழு நடத்துநரானார். அடுத்து கேத்தே-கிரிஸ் நிறுவனத்தில் இணைந்தார்.

அக்கால மலாய்ப் படங்கள் பலவற்றை இந்தியாவிலிருந்து வந்தவர்களே இயக்கினர். அவருடைய பாடல்கள் இடம்பெற்ற ‘புலு பெரிண்டு’ (1953) படத்தின் இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் அவர்களில் ஒருவர். இந்தியப் படப் பாடல்களின் சாயல் பரவலாக இருந்த அச்சூழலில், மலாய் மரபு இசைக்கு உரிய இடம் வேண்டும் என்பதில் ஜுபிர் சைட் உறுதியாக இருந்தார். 1962இல் ‘டாங் அனோம்’ படத்தின் இசை ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

இதற்கிடையே 1958இல், புதுப்பிக்கப்பட்ட விக்டோரியா அரங்கத்தின் திறப்புக்கு ஒரு பாடல் வேண்டுமென நகர மன்றத்தின் சார்பில் ஓங் பாங் பூன் கேட்டார். எல்லா இனத்தவரும் எளிதில் பாட வேண்டும் என்பதற்காகச் சின்னஞ்சிறு சொற்களைத் தேர்ந்தெடுத்தார் ஜுபிர் சைட். அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி பாடல் அரங்கேறியது. 1959இல் தன்னாட்சி மலர்ந்தபோது டாக்டர் டோ சின் சாய் அதையே நாட்டுக்கு உரியதாகப் பரிந்துரைத்தார். சுருக்கப்பட்ட வடிவம் டிசம்பர் 3ஆம் தேதி அறிமுகமானது. 1965இல் அதுவே குடியரசின் தேசிய கீதமாயிற்று.

1987இல் தமது 80ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் எழுதிய பாடல்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் எனக் கணிக்கப்படுகிறது. ஆனால், இசைத்தட்டில் பதிவானவை மிகச் சிலவே. சிங்கப்பூர்க் கலைப் பள்ளி அமைந்துள்ள சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு பாடலை நாடு காப்பாற்றிக்கொண்டது. மற்றவற்றைத் தேடிப் பதிவு செய்வதே அக்கலைஞருக்குச் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.