திறந்த பலகையும் மூடிய பெட்டியும்: வீட்டு ஒலிபெருக்கியின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

புதியது வந்ததும் பழையது ஒழிந்துபோம் என்பது கருவிகளின் வரலாற்றைப் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்து. மாட்டுவண்டிக்குப் பின் மோட்டார் வண்டி, எண்ணெய் விளக்குக்குப் பின் மின்விளக்கு என ஒரே வரிசையில் அடுக்கிக் கூறுதல் மாணவர்க்கு எளிதாகவும் இருக்கின்றது. ஆயின், வரலாறு எக்காலும் நேர்வழியே செல்வதில்லை. கைவிடப்பட்ட முறையொன்று, அதனைக் கைவிடச் செய்த காரணங்கள் நீங்கியதும் மீண்டும் தலையெடுத்தலும் உண்டு. இதற்குச் சான்றாக, மேனாட்டு இசையன்பர் தம் வீட்டுக் கூடத்தில் தாமே செய்து நிறுத்திய திறந்த பலகை ஒலிபெருக்கியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

மின்னோட்டத்தால் ஒலியை எழுப்பலாம் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. காந்தப் புலத்தில் வைத்த கம்பிச் சுருள் மின் பாயும்பொழுது அசையும் என்னும் ஏற்பாட்டை ஜேர்மானியரான வேர்ணர் சீமென்ஸ் 1874இல் விவரித்தார். இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜ் 1898இல் அதே அடிப்படையில் ஒலி தரும் கருவியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். நலிந்த மின்னோட்டத்தை வலுப்படுத்தும் விரியலாக்கி அக்காலத்தில் இன்மையால் அவை வீடுகளை எட்டவில்லை. 1915இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் ஜென்சன், பிறிதாம் என்னும் இருவர் அசையும் சுருளைப் பெரிய குழலொன்றின் அடியிற் பொருத்தி, பெருங்கூட்டத்துக்குப் பேச்சைக் கேட்கச் செய்தனர். 1920ஐ அடுத்த ஆண்டுகளில் வானொலி பரவியபொழுது வீடுகளிலும் குழல் ஒலிபெருக்கிகள் இடம்பெற்றன. அவற்றின் ஒலி மூக்காற் பேசுவது போன்றிருந்தது. தாழ்ந்த சுரங்கள் பெரும்பாலும் கேட்கவில்லை.

இக்குறையைத் தீர்க்க வழி கண்டவர்கள் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் ஆகிய இருவராவர். அவர்கள் 1925இல் வெளியிட்ட ஆய்வுரையில், குழலை முற்றாக நீக்கி, சிறிய கடதாசிக் கூம்பொன்றைச் சுருளுடன் இணைத்து, அதனைத் தடுப்புப் பலகையொன்றிற் பொருத்தும் முறையை விளக்கினர். அம்முறையில் அமைந்த ஒலிபெருக்கி 1926இல் றேடியோலா 104 என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. இன்று வழங்கும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை இக்கூம்பின் வழிவந்தவையே.

கூம்பு இருக்கப் பலகை எதற்கு என்ற வினா எழலாம். கூம்பு முன்னே செல்லும்பொழுது முன்புறத்து வளி நெருக்கப்படும். அதே கணத்திற் பின்புறத்து வளி ஐதாகும். பாத்திரத்து நீரில் அகப்பையை மெல்ல அசைத்தால், நீர் அதன் விளிம்பைச் சுற்றிப் பின்னே ஓடிவிடுவதைக் காணலாம். அவ்வாறே தாழ்ந்த சுரங்களில் வளியும் கூம்பின் விளிம்பைச் சுற்றி ஓடி, முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். பலகை இவ்வோட்டத்துக்குரிய வழியை நீட்டி, அழிவைத் தாமதப்படுத்துகின்றது.

இதற்கு எவ்வளவு பெரிய பலகை வேண்டும் என்பதை மாணவரே கணித்தறியலாம். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 1130 அடி செல்லும். செக்கனுக்கு 50 முறை அதிரும் சுரத்தின் அலைநீளம் ஏறத்தாழ 22½ அடி. முன்னலைக்கும் பின்னலைக்கும் இடையே அதிற் பாதியளவு தூரமாவது வேண்டுமெனின், 11 அடிச் சதுரப் பலகை தேவை. 3 அடிச் சதுரப் பலகையோ செக்கனுக்கு 190 அதிர்வுகள் அளவிலிருந்தே கீழ்நோக்கி வலு இழக்கத் தொடங்கும். பதினொரு அடிப் பலகையை எந்த வீட்டுக் கூடம் ஏற்கும்? திறந்த பலகையின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்வொரு கணக்கில் அடங்கிக் கிடக்கின்றது.

ஆயினும், 1930ஐ அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் அன்பர் பலர் ஒட்டுப்பலகையில் வட்டத் துளையிட்டு, கூம்பைத் திருகாணியால் இறுக்கி, கூடத்தின் ஒரு புறத்தே சாத்தி வைத்து மகிழ்ந்தனர். சிலர் அறைச் சுவரையே பலகையாகக் கொண்டு அதிற் கூம்பைப் பதித்தனர். முதுகு திறந்த மரப்பெட்டியுடன் நம் நாட்டு வீடுகளிலும் ஒருகாலத்தில் விளங்கிய வால்வு வானொலிப் பெட்டியும், உண்மையில், பக்கங்கள் பின்னே மடிக்கப்பட்ட திறந்த பலகையே.

அவ்வன்பர் மரபிலிருந்து எழுந்தவர்களுள் யோக்சயரைச் சேர்ந்த கில்பேட் பிறிக்ஸ் குறிப்பிடத்தக்கவர். துணி வாணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர், 1932இல் இல்க்லி என்னும் ஊரில் தம் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பிறட்போட் வானொலிச் சங்கத்தின் போட்டியில் முதலாம், இரண்டாம் பரிசுகள் இரண்டையும் பெற்றார். வாஃப்டேல் நிறுவனம் இவ்வாறு பிறந்தது. ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளங்குமாறு 1948இல் நூலொன்றும் எழுதினார். பலகை தானும் அதிர்ந்து ஒலியைக் கெடுத்தல் கண்டு, இரு ஒட்டுப்பலகைகளுக்கிடையே மணலை நிரப்பி அதிர்வை அடக்கும் முறையை அவர் கையாண்டார். 1950ஐ அடுத்த ஆண்டுகளில் அந்நிறுவனம் விற்ற மணற் பலகை ஒலிபெருக்கி பின்புறம் மூடப்படாததே.

எனினும், காலம் பெட்டியின் பக்கமே சாய்ந்தது. பெட்டியில் ஒரு துவாரம் வைத்துப் பின்னலையையும் பயன்படுத்தும் முறைக்கு பெல் ஆய்வுகூடத்து அல்பேட் தூராஸ் 1932இல் ஆக்கவுரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர், முற்றாக மூடிய சிறு பெட்டியில் அடைபட்ட வளியையே வில்லாகப் பயன்படுத்தி, அடுக்குப் பலகையில் வைக்கத்தக்க கருவியிலிருந்து ஆழ்ந்த சுரங்களைப் பெறலாமெனக் காட்டினார். 1958இல் இருவழி இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தன. அதுவரை ஒன்று போதுமாயிருந்த கூடத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் வேண்டியவாயின. இரண்டு பெரும் பலகைகளுக்கு இடமில்லாத கூடத்தில் இரண்டு சிறு பெட்டிகளுக்கு இடமிருந்தது. பின்னர் அவுஸ்திரேலியாவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ஸ்மோல் 1970ஐ அடுத்த ஆண்டுகளிலும் பெட்டியின் கனவளவை முன்கூட்டியே கணிக்கும் முறையை வகுத்தளித்தனர். பலகை தோற்றமைக்குக் காரணம் ஒலியின் குறை மாத்திரமன்று. அறையின் அளவும் விற்பனையின் வசதியும் அதனோடு சேர்ந்துகொண்டன.

பெட்டிக்கும் ஒரு விலை உண்டு. வீணையின் குடம் பாடுதற்பொருட்டு அமைந்தது. தந்தியின் நாதத்தோடு மரத்தின் நாதமும் கலத்தலே அதன் சிறப்பு. ஒலிபெருக்கிப் பெட்டியோ பாடாதிருத்தற்பொருட்டு அமைந்தது. அது தன் நாதத்தைக் கலந்தால், வீணை, வயலின், மனிதக் குரல் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே மரத்தின் சாயல் படியும். உள்ளே அடைபட்ட பின்னலை சுவர்களில் தெறித்து, மெல்லிய கடதாசிக் கூம்பினூடாகச் சற்றுப் பிந்தி வெளிப்படுதலும் உண்டு. பீற்றர் வோக்கர் 1957இல் விற்பனைக்குக் கொணர்ந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கி பெட்டியின்றி இருபுறமும் ஒலித்தது. அதன் குரற் றெளிவை நுண்ணிய செவியுடையோர் வியந்து போற்றியதில் பெட்டியின்மைக்கும் பங்குண்டு.

கூடமும் இவ்விசையில் ஒரு பங்காளி என்பதை மறத்தலாகாது. திறந்த பலகையின் ஒலி எட்டு என்னும் இலக்க வடிவிற் பரவும். முன்னும் பின்னும் மிகுந்து, பலகையின் நேர்ப்பக்கங்களில் ஏறத்தாழ இல்லாதொழியும். முன்னிருந்து கேட்போனுக்கு ஒரே அளவு ஒலியைத் தரும்பொழுது, எத்திசையிலும் ஒப்பப் பரவும் ஒலிபெருக்கி அறைக்குட் செலுத்தும் ஒலிச் சத்தியில் மூன்றிலொரு பங்கையே அது செலுத்தும். பக்கச் சுவர்களின் தெறிப்பும் தாழ்ந்த சுரங்களில் அறையின் முழக்கமும் இதனாற் குறைகின்றன. ஆயின், பின்சுவரிலிருந்து மூன்று நான்கு அடியாவது விலக்கி வைத்தல் வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால், தெறித்து வரும் பின்னலை முன்னலையோடு மயங்கித் தெளிவு கெடும்.

பலகையை மீட்டெடுக்கத் துணைநின்றது மின்னணுக் கலையின் வளர்ச்சி. மீடிறன் பாதியாகுந்தோறும், ஒலியளவு குன்றாதிருத்தற்கு மூடிய பெட்டியிலுள்ள கூம்பு நான்கு மடங்கு அசையவேண்டும். சிறு பலகையிலுள்ள கூம்போ எட்டு மடங்கு அசையவேண்டும். 1947இல் இங்கிலாந்தின் அன்பர் தாமே செய்துகொண்ட புகழ்பெற்ற வில்லியம்சன் விரியலாக்கியின் வலு 15 வாற்று மாத்திரமே. திரான்சிற்றர்கள் வந்தபின் 100 வாற்றும் அரிதன்று. ஒவ்வொரு சுரப்பகுதிக்கும் தனித்தனி விரியலாக்கி வைத்துக் குறைந்த பகுதியை மின்னாலேயே ஈடுசெய்தலும் எளிதாயிற்று. ஜேர்மனியிற் பிறந்து கலிபோர்ணியாவிற் பொறியியலாளராய் விளங்கிய சீக்பிறீட் லிங்க்விற்ஸ், சுரப்பகுதிகளைப் பிரிக்கும் முறையொன்றை 1976இல் வெளியிட்டார். பிற்காலத்தில் ஓறியன், எல்எக்ஸ்521 எனத் திறந்த பலகை ஒலிபெருக்கிகளை வகுத்து, அவற்றின் வரைபடங்களை வீட்டிலே செய்ய விரும்புவோர்க்குக் கிடைக்கச் செய்தார். அவர் 2018இல் மறைந்தார். அவர் வரைந்த பலகைகள் பல நாட்டு வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றன.

இதனாற் பெட்டி பொய், பலகை மெய் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஒடுங்கிய அறையில் வாழ்வோனுக்குச் சுவரோரம் நிற்கும் பெட்டியே உகந்தது. முற்றத்தை நோக்கித் திறந்த அகன்ற கூடமுடையோனுக்குப் பலகை உகந்ததாகலாம். வரலாறு கற்பிப்பது வேறு: ஒரு முறை பழமையானது என்று தள்ளப்படும்பொழுது, அது எந்நிலைமைகளின்கீழ்த் தோற்றது, அந்நிலைமைகள் இன்றும் உளவோ என்று வினவுதல் வேண்டும். இவ்வினாவை எழுப்பாதவன் சந்தை தரும் விடையையே அறிவென்று கொள்வான்.

வாளும் ஒட்டுப்பலகையும் கொண்டு வீட்டிற் செய்யும் ஒருவன், கருவியை மாத்திரமன்றித் தன் செவியையும் பழக்குகின்றான். மாணவர் இதனைச் செலவின்றித் தொடங்கலாம். பழுதான வானொலியிலிருந்து கழற்றிய நல்ல கூம்பொன்றைக் கையிற் பிடித்து ஒலிக்கச் செய்க. பின்னர் அகன்ற அட்டையொன்றில் அதே அளவான துளையிட்டு, அதன்மேற் கூம்பை அழுத்தி வைத்து மறுபடியும் கேட்க. மிருதங்கத்தின் தொப்பி அதுவரை ஒளிந்திருந்த இடத்திலிருந்து எழுந்து ஒலிக்கும். 1925இல் றைஸும் கெலொக்கும் விளக்கிய உண்மை அவ்வட்டையிற் புலனாகும்.