பிளேடு சொல்வதை நம்பாதீர்கள்

அமெரிக்காவில் பழைய தச்சுச் சாமான் விற்கும் இடம் எதுவானாலும், துருவேறிய ஸ்டான்லி இழைப்புளி ஒன்றாவது கண்ணில் படும். பிறந்த ஊர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன். பாஸ்டனில் லியோனார்ட் பெய்லி உருவாக்கிய அமைப்பின் காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியது. அதுவரை மர இழைப்புளியில் ஆப்பைத் தட்டித் தட்டித்தான் பிளேடை ஏற்றி இறக்க வேண்டும். பெய்லியின் இரும்புக் கருவியிலோ, பித்தளைத் திருகை விரலால் சுற்றினால் போதும், பிளேடு மயிரிழை அளவுக்கு நகரும்.

நம்பர் 4 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 9 அங்குல நீளம், 2 அங்குல பிளேடு. வயது என்ன? பலரும் முதலில் பிளேடில் உள்ள முத்திரையைப் பார்க்கிறார்கள். தப்பு அங்கேதான். பிளேடு தீட்டத் தீட்டத் தேய்வது. தேய்ந்தால் புதிது வாங்கிப் போடுவார்கள். நடுவில் இதயச் சின்னம் கொண்ட முத்திரை 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் வந்தது. கம்பெனியின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை நினைவூட்டும் குறும்பு அது. ஆனால் அந்த முத்திரை கொண்ட பிளேடு உள்ள கருவியின் உடலில், பிளேடைத் தாங்கும் சாய்வுக் கட்டைக்குப் பின்னால், 1902இன் இரண்டு காப்புரிமைத் தேதிகளும் 1910 ஏப்ரல் 19உம் வார்க்கப்பட்டிருந்தால், உடல் 1910–1918 காலத்தது. முன்குமிழ் குட்டையாக இருப்பதும் அதற்குச் சாட்சி. உயரக் குமிழ் பிறகு வந்தது. ஆக, ஒருவர் வாங்கி, உழைத்து, பிளேடைத் தேய்த்துத் தீர்த்து, இன்னொன்று மாட்டியிருக்கிறார். போலி இல்லை, உழைத்த கருவியின் வரலாறு அது. திருகும் காலத்தைச் சொல்லும்: இரண்டாம் உலகப்போரில் பித்தளைத் தட்டுப்பாடு. அப்போதைய இழைப்புளிகளில் திருகுக் குமிழே கடின ரப்பர்.

மீட்பு வேலையில் முதல் பரிசோதனை வாய். பிளேடு எட்டிப்பார்க்கும் துவாரத்தின் மூலைகளில் கிளம்பும் விரிசலைத் தேடுங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, வெடிக்கும். விரிசல் இல்லையென்றால் பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றையும் கழற்றி, இரும்புப் பாகங்களைச் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறப்போட்டால் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடும். ராத்திரி முழுக்க மறந்துவிட்டால் அமிலம் இரும்பையே தின்னும். கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். ரோஸ்வுட் கைப்பிடியை ஊறப்போடவே கூடாது.

அடிப்பாகத்தைச் சமமாக்க, கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்ப்பார்கள். அப்போது பிளேடைப் பின்னுக்கு இழுத்து, ஆனால் மாட்டி இறுக்கியே வைத்திருக்க வேண்டும்; இறுக்கத்தில் உடல் சற்றே வளையும், வேலையின்போதும் அப்படித்தான் இருக்கும். மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டால் மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்துவிடும். முன்முனையும் பின்முனையும் வாயின் முன்விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வந்தாலே போதும். கண்ணாடிபோல் மின்ன வைப்பது வீண் உழைப்பு என்பேன். பழைய கறுப்புப் பூச்சைச் சுரண்டிப் புது பெயின்ட் அடிப்பதும் அப்படித்தான். நேரத்தை பிளேடுக்குக் கொடுங்கள்: 25 டிகிரியில் சாணை, 30 டிகிரியில் கல்லில் தீட்டல், பின்பக்கம் நுனியருகே தட்டை.

தொழிலுக்கு வாங்குபவர் தேதிக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம். விரிசலில்லாத உடல், முழுசான திருகுகள் இருந்தால் வாங்குங்கள். 2 அங்குல பிளேடு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.