செத்தவன் கையிலிருந்த சீட்டு

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், கருங்குன்றுகள் எனப்படும் மலைத்தொடரின் மடியில் டெட்வுட் என்றொரு சிற்றூர் உள்ளது. அதன் பழங்கதைகள் எல்லாம் ஒரு சீட்டாட்ட மேசையைச் சுற்றியே வருகின்றன.

1876 ஆகஸ்ட் 2 அன்று, அங்கிருந்த மதுக்கடை ஒன்றில் போக்கர் ஆடிக்கொண்டிருந்த வைல்ட் பில் ஹிக்காக் என்னும் துப்பாக்கி வீரரை ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். எப்போதும் சுவரோரம் அமர்பவர், அன்று இடம் கிடைக்காமல் வாயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாராம். கையில் கறுப்பு ஏஸ் இரண்டு, கறுப்பு எட்டு இரண்டு. போக்கர் ஆடுவோர் இன்றும் அதைச் 'செத்தவன் கை' என்பர். ஆனால் கொலை நடந்த நாள்களின் செய்திகளில் சீட்டு விவரம் இல்லை. ஐம்பதாண்டு கழித்து, 1926இல் பிராங்க் வில்ஸ்டாக் எழுதிய வரலாற்று நூலின் வழியாகவே அது பரவிற்று. மதுக்கடையும் 1879இன் தீயில் அழிந்தது. அதே பெயரில் வேறிடத்தில் நடக்கும் கடையிலோ, அவர் இறந்த நாற்காலி இதுவே என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நெருப்பு நாற்காலிக்கு மட்டும் விலக்களித்தது போலும்!

எனக்கு இவற்றைவிடச் சுவையானது வழக்கின் கதை. சுரங்கத் தொழிலாளர் கூடி நடத்திய மன்றம் மறுநாளே மெக்காலை விடுவித்தது. பின்னர் அவன் பிடிபட்டு, யாங்டனில் மீண்டும் விசாரிக்கப்பட்டான். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற விதி அங்கே செல்லவில்லை. ஏனெனில், 1868 உடன்படிக்கையின்படி அம்மண் லகோட்டா மக்களுடையது. தங்கம் தேடி அத்துமீறி நுழைந்தோர் அமைத்த ஊருக்கே சட்டத்தில் இடமில்லை, அதன் நீதிமன்றத்துக்கு ஏது? நம் இதிகாசத்துத் தருமனேனும் தன் நாட்டைப் பணயம் வைத்தான். இவர்கள் பிறர் மண்ணில் அமர்ந்து ஆடினார்கள்.

அம்மலையைப் பறிக்கும் சட்டம் 1877 பிப்ரவரி 28 அன்று நிறைவேறியது. மார்ச் 1 அன்று மெக்கால் தூக்கிலிடப்பட்டான்.

1989 நவம்பரிலிருந்து டெட்வுட்டில் சூதாட்டம் சட்டத்துக்கு உட்பட்ட தொழில்; அதன் வருவாயில்தான் பழைய கட்டடங்கள் காக்கப்படுகின்றன. அதற்கு ஒன்பதாண்டு முன்னர், மலைக்கு ஈடாகப் பத்துக் கோடி டாலருக்கும் மேல் தரவேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. லகோட்டாக்கள் அப்பணத்தைத் தொடவில்லை. கேட்பது மலையை.