நிரந்தர முன்பற்களில் அடிபடுதல் (சிறார்)

கீழே விழுதல், மோதல், விளையாட்டு ஆகியவற்றால் சிறாரின் நிரந்தர முன்பற்கள் உடைவது, இடம் பெயர்வது, வேரோடு கழன்று விழுவது ஆகியவை இதில் அடங்கும். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டுமே பெரும்பாலும் அடிபடுகின்றன. முன்துருத்திய பற்களுக்கு ஆபத்து அதிகம்.

இப்பற்கள் 7, 8 வயதில் முளைத்தாலும், வேர் வளர்ந்து நுனி மூட மேலும் ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பல்லின் உள்ளிருக்கும் உயிர்த்திசுவான பற்கூழ் இறந்துவிட்டால் வேர் மெலிந்த சுவரோடு நின்றுவிடும். பின்னாளில் எளிதில் முறியும். எனவே பல்லின் தோற்றத்தைவிடப் பற்கூழின் உயிரே முதலில் காக்கப்பட வேண்டியது.

உடைந்த துண்டு கிடைத்தால் அதையே ஈரப்படுத்தி ஒட்ட முடியும். பற்கூழ் வெளியே தெரிந்தால், அதன் மேற்பகுதியைச் சுமார் 2 மி.மீ. மட்டும் நீக்கி, கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்திட்டு மூடுவார்கள். ஸ்வீடனின் மியோமிர் செவெக் 1978இல் வெளியிட்ட ஆய்வால் பரவிய முறை இது.

வேரோடு விழுந்த பல்லுக்கு, மருத்துவமனையைவிட விழுந்த இடத்தில் நடப்பதே முக்கியம். வேரைப் போர்த்திய நார்த்திசுவின் உயிரணுக்கள், பல் உலர்ந்து கிடந்தால் 30 நிமிடங்களில் பெரும்பாலும் இறந்துவிடும். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் பாலில் மெல்ல அலசி, உடனே குழியில் பொருத்திக் கைக்குட்டையைக் கடிக்கச் செய்ய வேண்டும். தேய்த்துக் கழுவவே கூடாது. பொருத்த இயலாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம். பால் கிடைக்காவிட்டால் குழந்தையின் எச்சிலிலாவது. தண்ணீர் நல்லதல்ல, ஆனாலும் உலரவிடுவதைவிட மேல். பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் பல்லுக்குக் கேடு.

குழியில் பொருத்திய நிரந்தரப் பல்லை மருத்துவர் வளையும் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து 2 வாரங்கள் கட்டுவார்; டெட்டனஸ் தடுப்பூசி நிலையையும் பார்ப்பார். வேர்நுனி மூடிய பல்லுக்கு அந்த 2 வாரங்களுக்குள் வேர்சிகிச்சை தொடங்கும். நுனி திறந்திருந்தால் இரத்த ஓட்டம் மீளக்கூடும் என்பதால் காத்திருந்து கண்காணிப்பார்கள்.

நார்த்திசு இறந்திருந்தால் எலும்பு வேரோடு ஒட்டி, அதை மெல்ல அரித்து அவ்விடத்தைப் பிடிக்கும். தாடை வளர வளர, பல் மட்டும் தாழ்ந்து நிற்கும். அப்போதும் பல்லைப் பிடுங்காமல் மேற்பகுதியை மட்டும் நீக்கி வேரை உள்ளேயே விடுவதுண்டு. இதனால் தாடையெலும்பு குறுகாது. செயற்கை வேர் பொருத்துதல் வளர்ச்சி முடிந்த பிறகே.